நாய்க்குட்டிக்குச் சம்பந்தம் விசாரித்தவர்

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், டென்மார்க்கில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அவர் எந்த ஊர், ஆருடைய மகன், தாய்வழி எந்தப் பக்கம் என்று விசாரிக்கத் தொடங்கிவிடும். விசாரிப்பது அவருடைய வேலை. அதை மற்றவர்கள் எடுத்துக்கொள்வது முறையல்ல. நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் அகதிகளாக வந்த எங்கள் இருவரையும் ஸ்கீவ நகரத்துக்கு அனுப்பிவைத்தார்கள். கடல் கிட்ட, காற்று அதைவிடக் கிட்ட. நான் யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்கிற அரச அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்து வந்தவன்; எந்த அலுவலுக்கு எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பது எனக்கு மணத்திலேயே பிடிபடும். பிற்காலத்தில் கொம்யூன் என்கிற நகரசபையில் வேலை எடுத்து, அங்கேயே ஓய்வு பெற்றதும் அந்த மூக்கின் தயவில்தான். அண்ணை வடமராட்சியில் கூட்டுறவுச் சங்கக் கடையை நடத்தினவர். நாற்பதைத் தாண்டியிருந்தார். கலியாணம் கட்டவில்லை.

கட்டாததற்கு அவருடைய குணம்தான் காரணம். இளையவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் ஊர்களில் ஒரு சம்பந்தம் பேசி வந்தால், எடுத்த எடுப்பில் பெண்ணைப் பார்ப்பதில்லை. அந்த வீட்டுக்கு நாலு வீடு தள்ளிப் போய், சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர்போல நின்று, குடும்பத்தைப்பற்றிக் கதை எடுப்பார்கள். தகப்பன் குடிக்கிறவரா, தாய் வாய்க்காரியா, பரம்பரையில் வலிப்பு, பைத்தியம் ஏதும் உண்டா. திருப்தி என்றால் சாதகம் பார்ப்பது, அதன்பிறகு ஆளைப் பார்ப்பது. திருப்தியில்லை என்றால் “சாதகம் பொருந்தேல்லை” என்று சொல்லி அனுப்பிவிடுவது. எவருடைய மானமும் போகாமல் ஒரு பேச்சை முறிப்பதற்கு இதைவிட நாகரிகமான நடைமுறை கிடையாது. பல நாட்டு நடைமுறைகளைப் பார்த்தவன் என்ற பொறுப்போடு சொல்கிறேன்.

மற்றவர்களுக்கு விசாரணைக்கு ஒரு முடிவு உண்டு. அண்ணைக்கு இல்லை. தனக்கு வந்த ஒவ்வொரு பெண்ணின் குடும்பத்தையும் தானே போய் விசாரித்தார். விசாரித்தவர்களைப்பற்றி, அவர்கள் நம்பக்கூடிய ஆட்களா என்று வேறு ஆட்களிடம் விசாரித்தார். இதற்குள் பெண்கள் கலியாணம் முடித்து, பிள்ளை பெற்று, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டார்கள்.

டென்மார்க் வந்தும் அவர் மாறவில்லை. ஒருமுறை அவருக்குப் பல்வலி வந்து கன்னம் வீங்கியது. ஊரில் இருந்த பல் வைத்தியர் ஒவ்வொருவரையும்பற்றி அவர் விசாரித்து முடிப்பதற்குள் பல் தானாக விழுந்துவிட்டது. அதைக் கடதாசியில் சுற்றி என்னிடம் காட்டினார்.

“பாத்தியோ தம்பி, அவசரப்பட்டிருந்தால் வீணாய் ஒரு ஊசி.”

நாங்கள் வாடகைக்குப் போன வீடு ஹன்ஸ் என்ற கிழவருடையது. மனைவி இறந்து, மகள் தூரத்தில் இருக்க, கீழே அவர் தனியாகவும் மேலே இரண்டு அறைகள் வெறுமையாகவும் இருந்தன. எங்களைக் கண்டதும் கைகொடுத்து, படியைக் காட்டி, “தலை இடிக்கும், குனியுங்கள்” என்றார். அவ்வளவுதான் அவருடைய நேர்முகப் பரீட்சை. அண்ணைக்கு அது பிடிக்கவில்லை.

“எங்களை ஒண்டும் கேக்கேல்லை. ஏன் கேக்கேல்லை? நான் விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன்.”

என்னை இழுத்துக்கொண்டு நேரே பேக்கரிக்குப் போனார். அங்கே நின்ற மனுசியிடம் ஹன்ஸ் எப்படிப்பட்டவர் என்று, முகாமில் டெனிஷ் படித்திருந்த என்னைக் கேட்கவைத்தார். டெனிஷ்காரர் பக்கத்து வீட்டுக்காரரைப்பற்றிக் கதைப்பது, பேருந்தில் அருகில் இருப்பவரோடு கதைப்பது போன்றது; சாவதற்குச் சமம். அவள் பாண் வெட்டுகிற யந்திரத்தையே பார்த்துக்கொண்டு, “நல்ல மனிதர். சுடுவார்” என்றாள்.

நான் மொழிபெயர்த்தேன். அண்ணையின் கையிலிருந்த பாண் பை கீழே விழுந்தது.

“சுடுவாரோ? ஆரை?”

“கேக்கேல்லை அண்ணை.”

“அட, நாங்கள் ஊரை விட்டு ஓடி வந்ததே சுடுறவங்களுக்குப் பயந்து. இஞ்சை வந்து சுடுறவன்ரை வீட்டிலையோ வாடகைக்கு இருக்கப்போறம்? கேள், கேள், ஆரை எண்டு கேள்!”

கேட்டேன். வாத்தை என்றாள். குளிர் வருவதற்கு முன், கடனீரேரிக் கரையில். அண்ணை விடவில்லை. வாத்தைச் சுடுகிறவர் மனிதரைச் சுடமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று மருந்துக்கடையிலும் தேவாலயத்திலும் விசாரித்தார். ஸ்கீவவில் சிலர் எங்களை வரித் திணைக்களத்து ஆட்கள் என்று நினைத்து, கேட்காமலே தங்கள் கணக்குவழக்குகளைச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் நான் அவரைப் பிடித்திழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

ஹன்ஸிடம் ஒரு கறுப்பு லாப்ரடோர் நாய் இருந்தது. ஹன்ஸைவிடக் கிழடு. அது சுடப்பட்ட வாத்துகளைத் தண்ணீருக்குள் பாய்ந்து எடுத்துவருகிற சாதி. நாங்கள் வந்த காலத்தில் தன் சாப்பாட்டுக் கோப்பையையே அது நடந்துபோய்த்தான் எடுத்தது. அடுத்த குளிர்காலம் அது செத்துப்போனது.

அதன்பிறகு ஹன்ஸ் வெளியே போகவில்லை. காலையும் மாலையும் கரைவரை நடந்தவர், யன்னலோரக் கதிரையில் இருந்தார். சாப்பிட மறந்தார். அவருடைய வேட்டைக் கூட்டாளிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது: நாயில்லாதவன் தண்ணீருக்கு மேலே பறக்கிற வாத்தைச் சுடுவதில்லை. சுட்டுவிட்டு யாரைத் தண்ணீருக்குள் அனுப்புவது? ஹன்ஸ் துப்பாக்கியைத் துடைத்துப் பூட்டிவைத்துவிட்டார்.

மகள் பீர்த்த ஹோர்சன்ஸிலிருந்து வந்தாள். தகப்பனைப் பார்த்தாள், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தாள், பிறகு எங்களை மேசையில் இருத்தினாள்.

“அப்பா நாய்க்காகத்தான் நடந்தார். நடக்காவிட்டால் படுத்துவிடுவார் என்று வைத்தியர் சொல்கிறார். முதியோர் இல்லத்தில் ஓர் இடம் வருகிறது. ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும். அவர் போனால் வீட்டை விற்றுவிடுவேன். நீங்கள் வேறு இடம் தேடவேண்டிவரும்.”

ஹன்ஸ் கதிரையிலிருந்தபடியே, “நான் இன்னொரு நாய் எடுப்பேன்” என்றார்.

“எடுப்பதென்றால் எப்போதோ எடுத்திருப்பீர்கள் அப்பா.”

“ஏப்ரலுக்குள் எடுப்பேன்.”

“எடுத்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன்.”

விசயம் இப்படித் தெளிவாக இருந்தது. நாய் வந்தால் கிழவர் வீட்டில். வராவிட்டால் கிழவர் இல்லத்தில், நாங்கள் தெருவில். நான் உடனே நூலகத்துக்குப் போய், வேட்டைக்கும் துணைக்கும் லாப்ரடோர் குட்டி தெரிவு செய்வதுபற்றிய நூல் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு படியையும் பாடமாக்கினேன். குட்டி எட்டு வாரம் தாயோடு இருந்திருக்கவேண்டும். தாயைக் கட்டாயம் பார்க்கவேண்டும். பெற்றோரின் இடுப்பெலும்பை எக்ஸ்ரே படம் பிடித்திருக்கவேண்டும். முந்திப் பாய்ந்து வருகிற குட்டியும் வேண்டாம், மூலையில் ஒளிக்கிற குட்டியும் வேண்டாம். சாவிகள் தொங்குகிற திறப்புக் கோர்வையைக் கீழே போட்டு, சத்தத்துக்குப் பயப்படுகிறதா என்று பார்க்கவேண்டும். வாத்துச் சிறகை நூலில் கட்டி இழுத்து, பின்னால் வருகிறதா என்று பார்க்கவேண்டும். என்னிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. ஹன்ஸ் அண்ணையைத்தான் கூப்பிட்டார். பழைய நாய் கடைசிக் காலத்தில் அண்ணையின் காலடியில்தான் படுத்துக் கிடந்தது. அதனால் அவருக்கு நாயைப்பற்றித் தெரியும் என்று கிழவர் முடிவுகட்டிவிட்டார். அண்ணை சோற்றுக்குள் மீன்தலை போட்டுக் கொடுத்தது கிழவருக்குத் தெரியாது.

மார்ச் மாதம் ஹன்ஸின் காரில் முதலாவது வீட்டுக்குப் போனோம். பண்ணை வீடு. வைக்கோல்மேல் மஞ்சள் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டுகொண்டிருந்தன. தாய் நாய் வந்து ஹன்ஸின் கையை நக்கியது. ஹன்ஸ் முழங்கால் மடித்து, நூலில் கட்டிக் கொண்டுவந்திருந்த வாத்துச் சிறகை இழுத்தார். குட்டி ஒன்று ஓடிவந்து சிறகைக் கவ்வி, அவருடைய காலணிமேல் வைத்தது. கிழவரின் முகத்தில் அந்தக் குளிர்காலத்தின் முதல் சிரிப்பு. நான் நூலில் சொன்னபடி திறப்புக் கோர்வையைச் சீமெந்துத் தரையில் போட்டேன். குட்டிகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துள்ளி விழுந்தது அண்ணை மட்டும்.

“இதுதான்” என்றார் ஹன்ஸ்.

அண்ணை குட்டியைப் பார்க்கவேயில்லை. பண்ணைக்காரரின் கூரையைப் பார்த்தார், அவருடைய காலணியைப் பார்த்தார். பிறகு, “குட்டி பிறந்த நேரம் கேள்” என்றார்.

“அண்ணை, நாய்க்கு ஆர் நேரம் குறிக்கிறது?”

“கேளன்.”

பண்ணைக்காரர் குறித்து வைத்திருந்தார். ஒவ்வொரு குட்டிக்கும் நேரம், நிறை, தாய்க்கு என்ன சாப்பாடு கொடுத்தது என்பதெல்லாம் சொன்னார். பரம்பரைப் பத்திரத்தையும் கொண்டுவந்து விரித்தார். தகப்பன், பாட்டன், பூட்டன் என்று நாய்ப் பெயர்கள் கிளை விட்டிருந்தன. என்னுடைய பூட்டனின் பெயர் எனக்கே தெரியாது. அண்ணை அதிர்ந்துபோனார் என்றாலும் அசையவில்லை.

“பேப்பர் எல்லாரும் காட்டுவினம். தம்பி, வா, நாங்கள் ஒருக்கா ஒண்டுக்குப் போட்டு வருவம்.”

ஒன்றுக்குப் போனவர் வேலியைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே ஒரு வயதான மனுசி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணை தொப்பியைக் கழற்றிக் குனிந்தார்.

“பக்கத்து வீட்டு நாயைப்பற்றிக் கேள். குணம் நடை எப்பிடி எண்டு.”

கேட்டேன். என்னுடைய கல்வித் தகைமைகளை நினைத்துக்கொண்டே கேட்டேன். அவள் ஓர் உடுப்புக் கவ்வியை வாயில் வைத்துக்கொண்டு எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

“நான் மற்றவர்களைப்பற்றிக் கதைக்கிறவள் இல்லை” என்றாள். பிறகு கவ்வியை வாயிலிருந்து எடுத்தாள். “ஆனால் நவம்பரில் அந்தப் பெட்டை நாய் ஒரு பின்னேரம் முழுக்க என் முற்றத்தில் நின்றது. அவர்களுக்குத் தெரியாது. நீங்களே பாருங்கள், என்னுடைய நாய் அங்கே படுத்திருக்கிறது.”

பார்த்தோம். நீண்ட உடம்பு, கட்டைக் கால், தாடி. வாங்குப்பலகை ஒன்றுக்கு முகம் வைத்ததுபோல. எங்களைக் கண்டு வாலை ஆட்டியது. அதன் முகத்தில் குற்றவுணர்ச்சி எதுவும் தெரியவில்லை.

அண்ணை என் தோளைப் பிடித்தார். “ஐயோ தம்பி. குடும்பத்தின்ரை நிலைமையைப் பாத்தியோ.”

திரும்பி வந்தபோது ஹன்ஸ் குட்டியை மடியில் வைத்திருந்தார். அண்ணை பண்ணைக்காரருக்கு முன்னால் நின்று, துக்கவீட்டுக்கு வந்தவர்போலக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

“சாதகம் பொருந்தேல்லை எண்டு சொல்லு.”

“அண்ணை, டெனிஷ்காரனுக்கு இதை என்னெண்டு சொல்லுறது? உண்மையைச் சொல்லுவம்.”

“விசரே உனக்கு? மற்றக் குட்டியளையும் அந்தாள் குடுக்கவேண்டாமோ? அதுகளின்ரை வாழ்க்கையைக் கெடுக்கப்போறியோ? நான் சொன்னதைச் சொல்லு.”

சொன்னேன். குட்டி பிறந்த நேரத்துக் கிரகநிலையும் ஹன்ஸ் பிறந்த நேரத்துக் கிரகநிலையும் ஒத்துப்போகவில்லை என்று, நல்ல இலக்கண சுத்தமான டெனிஷில் சொன்னேன். பண்ணைக்காரர் வாயைத் திறந்தபடி ஹன்ஸைப் பார்த்தார். ஹன்ஸ் என்னைப் பார்த்தார். கடைசியில் பண்ணைக்காரர் மரியாதையாக, “எந்தக் கிரகம்?” என்று கேட்டார்.

காரில் ஹன்ஸிடம் நான் உள்ளதைச் சொன்னேன். அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் கோபம் வந்தது.

“அது சிறகை எடுத்து என் காலடியில் வைத்தது. தகப்பன் யாராக இருந்தால் எனக்கென்ன? உங்களைப்பற்றி நான் யாரிடமாவது விசாரித்தேனா? கதவைத் திறந்தேன், விட்டேன். இவரிடம் சொல்லு.”

சொன்னேன்.  அண்ணை தலைகுனிவார் என்று நினைத்தேன். அவர் முன் கண்ணாடியைப் பார்த்தபடி, “அதைத்தான் நானும் சொல்லுறன் எண்டு சொல்லு” என்றார். “விசாரிக்காமல் விட்டு ஒருக்கால் தப்பீற்றார். எல்லா முறையும் எங்களைப்போல நல்ல ஆக்கள் வருவினமோ?”

அதன்பிறகு அவர் தட்டிவிட்ட வீடுகளை எல்லாம் எழுதினால் வாசிக்கிறவர்கள் களைத்துப்போவீர்கள். ஒரு வீட்டில் தாய் நாய் வீட்டுக்காரியைப் பார்த்து உறுமியது. “மாமியாரை மதிக்காத இடம்” என்றார். இன்னொரு வீட்டில் எல்லாம் நன்றாக இருந்தது. தகப்பன் நாய் மட்டும் இல்லை. அது ஸ்வீடனில் இருப்பதாகச் சொல்லி, சட்டம் போட்ட ஒரு படத்தைக் காட்டினார்கள். வாயில் காட்டுக்கோழியோடு, சூரிய வெளிச்சத்தில், மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றது. படிப்படியாகப் பார்த்தால் என்னுடைய நூலின்படி குறை சொல்ல ஒன்றுமில்லை.

அண்ணை படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மாப்பிள்ளை வெளிநாட்டிலை. படம் மட்டும் இஞ்சை. தம்பி, உப்பிடிப் படத்தைப் பாத்துப்போட்டுக் கட்டிப்போய், விமான நிலையத்திலை ஆளை அடையாளம் தெரியாமல் அழுத பிள்ளையளின்ரை கதை எனக்குத் தெரியும். எழும்பு.”

எழும்பினோம். ஏப்ரல் வந்தது. ஹன்ஸ் சிறகைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். கதிரையில் இருந்தபடி, “இல்லத்தில் மதியச் சாப்பாடு நல்லதாம்” என்று ஒருநாள் சொன்னார். அண்ணை அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. குசினிக்குள் நின்று, “என்னாலை தானே தம்பி” என்றார். நான் ஓம் என்றேன். நடைமுறைப்படி அதுதான் சரியான பதில்.

“ஆனால் பிழையான இடத்திலை எப்பிடி ஓம் சொல்லுறது?”

“சரியான இடம் எண்டு ஒண்டு இருக்கோ அண்ணை?”

“இருக்கும். விசாரிக்கவேணும்.”

கடைசியாக ஒரு வீடு இருந்தது. எல்லன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை, கடனீரேரிக்கு அந்தப் பக்கம். வேட்டைக்காரர் மத்தியில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது: நல்ல நாய்கள், பொல்லாத மனுசி. கதவைத் திறந்தவள் குட்டிகள் இருந்த பக்கமே எங்களை விடவில்லை. மேசையில் இருத்தி, கோப்பி ஊற்றி, கேட்கத் தொடங்கினாள்.

பழைய நாய் எத்தனை வயதில் செத்தது? என்ன நோய்? எந்த மிருக வைத்தியர்? பகலில் வீட்டில் யார் இருப்பது? வேலி எவ்வளவு உயரம்? வேட்டையில்லாத மாதங்களில் நாய் எங்கே படுக்கும், உள்ளேயா வெளியேயா? கோபம் வந்தால் அடிப்பீர்களா? ஹன்ஸின் கழுத்துச் சிவக்கத் தொடங்கியது.

“நான் இவ்வளவு காலமும் வைத்திருந்தது நாய்தான், பூனையில்லை.”

“அதை உங்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு இலக்கம் என்ன?” என்று சொல்லிவிட்டு எல்லன் உள்ளே போனாள். தொலைபேசி சுழற்றுகிற சத்தம் கேட்டது. ஹன்ஸ் எழுந்து தொப்பியை எடுத்தார்.

“போவோம். என்னைப்பற்றி ஊரில் விசாரிக்கிறாள்! பொலிஸா இவள்? இல்லத்துக்கே போகிறேன். அங்கே ஒருவரும் என் வேலியை அளக்கமாட்டார்கள்.”

அப்போதுதான் அண்ணையைப் பார்த்தேன். முகம் கோயில் விளக்குமாதிரி இருந்தது.

“தம்பி, உவ என்ன செய்யிறா?”

“எங்களைப்பற்றிப் பக்கத்து வீட்டிலை விசாரிக்கிறா அண்ணை.”

“விசாரிக்கிறாவோ?” அவர் எழுந்து ஹன்ஸின் கையிலிருந்த தொப்பியைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஹன்ஸைத் தோளில் பிடித்துக் கதிரையில் அமர்த்தினார். “இருங்கோ, இருங்கோ. இதுதான் வீடு. பெண் குடுக்கிற ஆக்கள் எண்டால் இப்பிடியெல்லோ இருக்கவேணும்! இவ்வளவு நாளும் போன இடமெல்லாம் கேக்காமல் தூக்கித் தரப் பாத்தவை. கேக்காமல் தாறவை ஏன் தருகினம்? தள்ளிவிடத்தான்.”

நான் இதைச் சுருக்கி மொழிபெயர்த்தேன். ஹன்ஸுக்கு எது விளங்கியதோ தெரியாது. தொப்பி இல்லாமல் அவர் எங்கும் போகமாட்டார் என்பதால் இருந்தார்.

எல்லன் திரும்பி வந்தாள். வைத்தியர் நல்லபடி சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரரும் நல்லபடி சொல்லியிருந்தார்; மாடியில் இருப்பவர்கள் வரித் திணைக்களமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தை மட்டும் தெரிவித்திருந்தார். அதற்கு நான் விளக்கம் கொடுத்தேன். எல்லன் தலையாட்டிவிட்டு, ஹன்ஸைப் பார்த்தாள். இப்போது குரல் கொஞ்சம் இளகியிருந்தது.

“ஒன்று மட்டும்தான் மிச்சம். உங்களுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. நாய் நீண்டகாலம் இருக்கும். உங்களுக்குப் பிறகு யார்?”

ஹன்ஸ் கோப்பியைப் பார்த்தார். மகளின் மாடிவீட்டில் நாய் வைத்திருக்க அனுமதியில்லை.  அவர் தொப்பியைக் கேட்டு அண்ணையிடம் கையை நீட்டினார்.

“அப்படியானால் என்னால் தரமுடியாது” என்றாள் எல்லன்.

“என்னவாம்?” என்றார் அண்ணை.

மொழிபெயர்த்தேன். பெண் வீட்டார் எத்தனை பேரிடம் எத்தனை வருடமாக அவர் “விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன்” என்று சொல்லியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் இப்போதும் சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்து, அதற்குரிய டெனிஷ் வாக்கியத்தை ஆயத்தமாக வைத்திருந்தேன்.

“நான்” என்றார் அண்ணை.

“அண்ணை?”

“நான் பாப்பன் எண்டு சொல்லு. உடனை சொல்லு.”

எல்லன் கதிரையை அவர் பக்கம் திருப்பினாள். விசாரணை புதிதாகத் தொடங்கியது. அண்ணை முதுகை நிமிர்த்தி, தொப்பியை முழங்காலில் வைத்து, மாப்பிள்ளை இருக்கிறதுபோல இருந்தார். என்ன வேலை? மீன் தொழிற்சாலை. கலியாணம்? இல்லை. ஏன்? அண்ணை என்னைப் பார்த்தார். “இன்னும் விசாரித்து முடியவில்லை” என்று மொழிபெயர்த்தேன். குடிப்பீர்களா? இல்லை. எந்த நாடு? சொன்னோம். எத்தனை காலம் இங்கே இருப்பீர்கள்?

இந்த இடத்தில் எனக்கு நடைமுறை தெரிந்திருந்தது ஒரு கரைச்சல். எங்கள் அனுமதி தற்காலிகமானது. புதுப்பிக்கவேண்டும். புதுப்பிப்பார்களா என்பது கொப்பன்ஹேகனில் ஏதோ ஒரு மேசையைப் பொறுத்தது. உள்ளதை உள்ளபடி சொன்னேன். எல்லன் பெருமூச்சு விட்டாள்.

“திருப்பி அனுப்பிவிட்டால்?”

அண்ணை யோசிக்கவேயில்லை. அவர் யோசிக்காமல் சொன்ன வசனம் எனக்குத் தெரிய அது ஒன்றுதான்.

“நாயையும் கொண்டுபோறன் எண்டு சொல்லு.”

ஒரு நாயை டென்மார்க்கிலிருந்து இலங்கைக்குக் கொண்டுபோவதற்கு மிருக வைத்தியச் சான்று, இறக்குமதி அனுமதி, தடுப்பூசி, தனிமைப்படுத்தல் எல்லாம் வேண்டும். அதையும் சேர்த்து எல்லனுக்கு விளக்கினேன். அவள் என்னுடைய விளக்கத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை. அண்ணையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து பின்கதவைத் திறந்தாள். கறுப்புக் குட்டிகள் உருண்டு உள்ளே வந்தன.

ஹன்ஸ் சிறகு கொண்டுவரவில்லை. கைக்குட்டையை இழுத்தார். நான் திறப்புக் கோர்வையைப் போட்டேன். தாயைப் பார்த்தேன், பத்திரத்தைப் பார்த்தேன், இடுப்பெலும்புப் படத்தைக் கேட்டேன். ஹன்ஸ் இரண்டு குட்டிகளைக் கையில் தூக்கிக்கொண்டு தடுமாறினார்.

“இதுவா, அதுவா? இவரிடம் கேள்.”

அண்ணை எல்லனுடைய கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

“எதெண்டாலென்ன? குடும்பம் நல்லது.”

ஹன்ஸ் அமைதியான பெட்டைக்குட்டியை எடுத்தார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அது அண்ணையின் மடியில் இருந்து இரண்டுமுறை சத்தி எடுத்தது. அவர் தன் சால்வையால் துடைத்தார். முதல் கிழமை கடனீரேரித் தண்ணீரைக் கண்டு பயந்து, ஹன்ஸின் காலுக்குப் பின்னால் ஒளித்தது. வேட்டைக்கு இது உதவுமா என்று நான் நூலைப் புரட்டினேன். ஹன்ஸ் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு தானே தண்ணீருக்குள் இறங்கி, அதைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார். பின்னால் நாய் இறங்கியது, அதன் பின்னால், வாழ்நாளில் கீரிமலைக் கேணியைத் தவிர வேறு தண்ணீரில் கால் வைக்காத அண்ணை, கத்திக்கொண்டு இறங்கினார்.

ஏப்ரல் முடிவில் ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது. மழை. கீழே ஒருவரும் இல்லை. அண்ணை எடுத்து, எனக்கும் கேட்கும்படி காதுக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பீர்த்த.

“அப்பாவைக் கூப்பிடுங்கள். இல்லத்துக்கு இன்றைக்குப் பதில் சொல்லவேண்டும்.”

அண்ணையிடம் அப்போது ஐம்பது டெனிஷ் சொற்கள் இருந்தன. அவற்றில் நல்லவற்றைப் பொறுக்கினார்.

“ஹன்ஸ் இல்லை. வெளியே. நாய்.”

“இந்த மழையிலா? எப்போது போனார்?”

“காலை போனார். வந்தார். சாப்பிட்டார். பிறகும் போனார்.”

  பீர்த்த மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வேகமாகச் சொன்னாள்: அந்த இடம் தேவையில்லை என்று தானே அழைத்துச் சொல்லிவிடுவதாக, பட்டியலில் அடுத்து இருக்கிறவருக்கு அதைக் கொடுத்துவிடுவார்கள் என்று. அண்ணை தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“என்ன சொல்லுறா?”

“ஹன்ஸ் போகத் தேவையில்லையாம் அண்ணை. அந்த இடத்தை வேறை ஆருக்கோ குடுக்கப்போகினமாம்.”

அவர் கண்ணைத் துடைத்தார். கையை எடுக்கவில்லை.

“ஆருக்காம்? ஆள் எப்பிடியாம்? கேள்.”